பூஞ்சை நோயும் ஆய்வுக்கூடமும்



தஞ்சோங் மாலிமை அடுத்த தோட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் நாங்கள், ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. ரொட்டித் துண்டு ஒன்றில் சிறிது நீர் தெளித்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, சன்னலோரம் வைத்துவிடுவோம். நம் வட்டாரத்தில் மழைக்குக் குறைவில்லை. காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மூன்று நான்கு நாளில் ரொட்டியின் மேல் பஞ்சு போல வெண்ணிழைகள் படரும். பிறகு அவ்விழைகளின் நுனியில் கடுகினும் சிறிய கரும்புள்ளிகள் தோன்றும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

பால்மரக் காட்டில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதிதன்று. புகைக்கூடத்தில் சரியாகக் காயாத ரப்பர் ஷீட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்து, தரம் குறைந்து, விலையும் குறைந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பூசணம் எங்கும் இருப்பது. ஈரமும் இரையும் கிடைத்த இடத்தில் வளர்வது. இதற்கு மேல் அதைப் பற்றி நாங்களும் அதிகம் எண்ணியதில்லை, ஒரு நாள் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கும் வரையில்.

எங்கள் பள்ளியில் படித்த பிள்ளை ஒன்றின் தாத்தா, ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. நெடுங்காலமாக அவருக்கு இனிப்பு நீர் உண்டு. முழங்கால் வலிக்கு யாரோ கொண்டுவந்து விற்ற மாத்திரைகளையும் மாதக் கணக்கில் விழுங்கி வந்தார். ஒரு நாள் அவருக்கு வலப்பக்கக் கன்னம் மரத்துப் போயிற்று. மூக்கு அடைத்தது. பல்வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை, கண் வீங்கியது. பின்னர் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். மூக்கினுள்ளிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே இடத்தில் வெட்டி எடுத்தார்கள்.

அவருடைய மகன் எங்களிடம் வந்து கேட்டார்: "ஏங்கய்யா, ஒரே எடத்துச் சதையை ரெண்டு தடவை வெட்டுனாங்களே, மொதல்ல வெட்டுனது என்னாச்சு?"

எங்களால் அன்று மறுமொழி கூற முடியவில்லை. அறிவியல் ஆசிரியர் என்ற பெயர் மட்டும் இருந்தது. வெட்கத்தோடு, ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் பழைய நண்பர் ஒருவரைத் தேடிச் சென்றோம், நூல்களையும் புரட்டினோம். அந்த மகனுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையைத்தான் இன்று நேயர்களாகிய உங்கள்முன் விரித்துரைக்க விரும்புகிறோம்.

முதலில், இந்த நோய் யாருக்கு வருகிறது என்று காண்போம். காற்றில் பூஞ்சையின் வித்துகள் மிதந்துகொண்டே இருக்கின்றன. நாம் மூச்சு விடும்போதெல்லாம் அவை மூக்கினுள் புகுகின்றன. நலமுள்ள உடலில் வெள்ளணுக்கள் அவற்றை அழித்துவிடும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிய உடல், புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணு குறைந்த உடல், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்ட உடல், எச்.ஐ.வி. கிருமியால் நலிந்த உடல், பிறர் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்ட உடல் ஆகியவற்றில் காவல் தளர்ந்து போகிறது. காவலில்லாத வீட்டில் திருடன் நுழைவதுபோல் பூஞ்சையும் நுழைகிறது. அதனால்தான் இவற்றைச் சந்தர்ப்பம் பார்த்துத் தொற்றும் பூஞ்சைகள் என்கிறார்கள்.

இதற்குப் பெரிய சான்று 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் கண்டது. கோவிட் நோயின் இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்று மக்கள் அழைத்த மியூகோர்மைக்கோசிஸ் நோய் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு அதை, கண்டவுடன் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஜூன் 28ஆம் நாள் இந்திய நடுவண் அரசு வெளியிட்ட கணக்கின்படி நோயுற்றோர் 40,845 பேர்; இறந்தோர் 3,129 பேர். நோயுற்றோரில் நூற்றுக்கு 64 பேருக்கு நீரிழிவு இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பூஞ்சையின் நிறம் கறுப்பன்று. அது இரத்தக் குழாயை ஊடுருவி அடைத்துவிடுவதால் சதை மடிந்து கறுத்துப் போகிறது. அக்கறுப்பே அதற்குப் பெயராயிற்று.

இந்நோயை உண்டாக்குவனவற்றுள் முதன்மையானது ரைசோபஸ் என்னும் இனம். எங்கள் கண்ணாடிப் போத்தலில் ரொட்டியின் மேல் வளர்ந்ததும் அவ்வினத்தைச் சேர்ந்ததே! பிள்ளைகள் பார்த்துச் சிரித்த அதே இனத்தின் உறவு ஒன்றுதான், அவர்களில் ஒருவரின் தாத்தாவுடைய கன்னத்தினுள்ளும் வளர்ந்திருந்தது.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம்.

பூஞ்சை நோயைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. காய்ச்சல், இருமல், வீக்கம் எல்லாம் மற்ற நோய்களிலும் உண்டு. நுரையீரலில் வளரும் பூஞ்சை காசநோய் போலத் தோன்றும். மூக்கில் வளர்வது சளிக்கட்டு போலத் தோன்றும். சாதாரணக் கிருமிகளைக் கொல்லும் மருந்து பூஞ்சையைக் கொல்லாது. அதுமட்டுமன்று. ஒரு பூஞ்சைக்கு உதவும் மருந்து மற்றொரு பூஞ்சைக்கு உதவாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைக்கு வோரிகோனசோல் சிறந்த மருந்து. மியூகோர் வகையினிடம் அம்மருந்து செல்லாது. அதற்கு ஆம்போடெரிசின்-பி வேண்டும். அதுவோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. காரணமின்றிக் கொடுக்கத் தக்கதன்று. ஆகவே மருத்துவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். சதைக்குள் பூஞ்சை உண்டா? உண்டெனில் எந்தப் பூஞ்சை? இவ்விரண்டையும் ஒரே சோதனை சொல்லிவிடாது. இதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

முதற் சோதனை மிக எளியது, செலவும் குறைவு. எடுத்த சதையில் கடுகளவைக் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து, 10 முதல் 20 விழுக்காடு வலிவுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுவார்கள். அது கடுமையான காரம். மனிதச் சதையின் அணுக்கள் அதில் கரைந்து தெளிந்துவிடும். பூஞ்சையின் சுவரோ கரையாது. ஏனெனில் அச்சுவரில் கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. வண்டின் ஓட்டிலும் இறாலின் ஓட்டிலும் உள்ள அதே பொருள்தான். சிறிது நேரம் சென்று நுண்ணோக்கியில் பார்த்தால், தெளிந்த நீரில் கிடக்கும் நூல்போல் பூஞ்சை இழைகள் தெரியும். கால்கோஃப்ளூர் என்னும் சாயத்தையும் சேர்த்து, புறஊதா ஒளியில் பார்த்தால் அவ்விழைகள் இருட்டில் மின்மினிபோல் ஒளிரும். சதை வந்து ஒரு மணி நேரத்துக்குள் இந்த விடை கிடைத்துவிடலாம். உயிர் ஊசலாடும் நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

இழையின் வடிவத்தைக் கண்டே பழகிய கண் ஓரளவு இனம் பிரிக்கும். மியூகோர் வகையின் இழை அகன்றது. ரிப்பன்போல் மடிந்து கிடக்கும். அதில் குறுக்குச் சுவர் மிக அரிது. கிளைகள் பெரும்பாலும் செங்கோணமாகப் பிரியும். ஆஸ்பெர்ஜில்லஸ் இழை மெல்லியது. கரும்பின் கணுப்போல் அதில் குறுக்குச் சுவர்கள் உண்டு. கிளைகள் சுமார் 45 பாகைச் சாய்வில் கவட்டைக் கம்புபோல் பிரியும். ஆயினும் இது ஊகமே. துண்டு சிறிதாயின், இழை சிதைந்திருந்தால், அனுபவசாலியும் தடுமாறுவார்.

மூளையுறைக் காய்ச்சலில் வேறொரு முறை உண்டு. புறாவின் எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையைச் சூழ்ந்த நீரில் புகுந்துவிடும். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் கரிய மசியைக் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மசி எங்கும் கறுத்துப் பரவ, பூஞ்சையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறைக்குள் மட்டும் அது நுழையாது. இரவில் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் வெள்ளை வட்டம் தெரியும். மசிதான் செலவு! எனினும் பூஞ்சை குறைவாக இருந்தால் இம்முறை தவறவிட்டுவிடும். இக்காலத்தில் அந்த உறையின் பொருளையே இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் கண்டறியும் காகிதப் பட்டை வந்திருக்கிறது. கோவிட் காலத்தில் வீட்டிலேயே சோதித்தோமே, அதுபோன்ற பட்டை. சுமார் பத்து நிமிடத்தில் கோடு விழும்.

இரண்டாவது முறை, பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. பாரிஸ் நகரத்துத் தோல் மருத்துவர் சபுரோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கென ஓர் உணவை வகுத்தார். சர்க்கரையும் புரதச் சத்தும் சேர்த்து, சிறிது புளிப்பாக்கி, கடற்பாசிக் கூழில் உறையவைத்த தட்டு அது. புளிப்பு, சாதாரணக் கிருமிகளுக்கு ஒவ்வாது, பூஞ்சைக்கு ஒக்கும். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. தட்டில் சதைத் துணுக்கை வைத்து, அறை வெப்பத்தில் ஒன்றும் உடல் வெப்பத்தில் ஒன்றுமாகக் காத்திருப்பார்கள். மியூகோர் வகை இரண்டு மூன்று நாளில் தட்டு நிறையப் பொங்கி மூடியைத் தொட்டுவிடும். சில பூஞ்சைகளுக்கோ நான்கு வாரம் வேண்டும். வளர்ந்தபின் நீலச் சாயமிட்டுப் பார்த்தால், வித்துப் பை, தண்டு, வேர் போன்ற இழை எல்லாம் ஓவியம்போல் தெரியும். பூஞ்சைக்கு இனப்பெயர் கிடைப்பது இங்கேதான். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதிப்பதும் இங்கேதான்.

இம்முறையில் இரண்டு தடங்கல்கள் உண்டு. ஒன்று, மியூகோர் இழை மிக மென்மையானது. சதையை அம்மியில் அரைப்பதுபோல் அரைத்துவிட்டால் இழை உடைந்து செத்துப் போகும். தட்டில் எதுவும் வளராது. கத்தியால் சிறு சிறு துண்டாக நறுக்கித்தான் வைக்க வேண்டும். மற்றொன்று, இப்பூஞ்சையின் வித்து காற்றிலும் உண்டன்றோ? தட்டில் வளர்ந்தது நோயாளியின் சதையிலிருந்து வந்ததா, சன்னல் வழியே வந்ததா? தட்டு மட்டும் சாட்சியாகாது. சதைக்குள் இழையையும் கண்டிருக்க வேண்டும்.

எனவே மூன்றாவது முறை வருகிறது. சதையைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பொதிந்து, மயிரிழையினும் மெல்லிய ஏடாகச் சீவி, வெள்ளி உப்பால் சாயமேற்றுவார்கள். பூஞ்சைச் சுவர் கறுப்பாகவும் பின்னணி பசுமையாகவும் தெரியும். இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு இழை செல்வதை இங்கே கண்ணாரக் காணலாம். நோய்தான் என்பதற்கு இதனினும் வலிய சான்று இல்லை. ஆனால் பார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். பார்மலினில் விழுந்த சதையைத் தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது.

நேயர்களே, அந்த மகனின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. முதலில் எடுத்த சதை முழுவதையும் ஒரே போத்தலில், பார்மலினில் போட்டுவிட்டார்கள். ஏட்டில் பூஞ்சை இழை இருப்பது தெரிந்தது. ஆனால் இழைகள் சிதைந்திருந்தன; எந்த இனமென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வளர்த்துப் பார்க்கப் புதுச்சதை இல்லை. மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கிவிட்டு, செத்த சதையை அகற்றும்போதே புதிய துண்டையும் எடுத்தார்கள். இம்முறை ஒரு பாதி பார்மலினுக்கும், மறு பாதி தூய உப்புநீருக்கும் சென்றது. மூன்றாம் நாள் தட்டு நிறைந்தது. பெரியவர் ஒரு கண்ணை இழந்தார், உயிர் பிழைத்தார். முன்பே இரண்டு போத்தல் வைத்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று எங்களால் கூற முடியாது. ஒரு துண்டுச் சதையை எந்தப் போத்தலில் இடுகிறோம் என்பதும் சிகிச்சையின் பகுதியே என்பதை மட்டும் அன்று கற்றுக்கொண்டோம்.

நான்காவது, இரத்தச் சோதனைகள். பூஞ்சை வளரும்போது தன் சுவரின் பொருள்களைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் உதிர்க்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் உதிர்ப்பது காலக்டோமேனன். பல பூஞ்சைகளுக்குப் பொதுவானது பீட்டா குளுக்கன். இவற்றை அளந்தால், சதையை வெட்டாமலே துப்புக் கிடைக்கும். ஆனால் மியூகோர் வகை இவ்விரண்டையும் காட்டிக் கொடுப்பதில்லை. 'இரத்தச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்துவிட்டது' என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனால் ஏமாந்து போவோம். மரபணுவைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறையும் இப்போது கைகொடுக்கிறது.

பழைய முறைகளை ஏமாற்றிய பூஞ்சையும் உண்டு. 2009ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கண்டறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் அத்தகையது. சர்க்கரைகளைச் செரிக்கும் விதம் பார்த்துப் பெயரிடும் பழைய சோதனைகள் அதற்கு உறவினரின் பெயரைச் சூட்டிவிட்டன. பல மருந்துகளுக்கு அடங்காத அந்தப் பூஞ்சை மருத்துவமனைப் படுக்கைகளிலே பரவக் கூடியது. புரதங்களின் எடையை நிறுத்து இனம் காணும் புதுக் கருவி வந்தபின் அதன் வேடம் கலைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட, கவனிக்கத்தக்க 19 பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது.

அப்பட்டியலில் நம் மண்ணுக்கு நெருங்கிய ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. 1956ஆம் ஆண்டில் வியட்நாமில் மூங்கில் எலி ஒன்றின் உடலிலிருந்து அது முதன்முதலில் எடுக்கப்பட்டது. பாரிசில் அதை ஆராய்ந்த செக்ரெட்டேன் என்ற அறிஞர் தம் விரலில் தவறுதலாக ஊசியைக் குத்திக்கொண்டு, தாமே நோய்வாய்ப்பட்டார். டலரோமைசிஸ் மார்னெஃபி என்பது அதன் இன்றைய பெயர். தென்கிழக்காசியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும் இந்நோய் மலேசியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது. காய்ச்சல், மெலிவு, முகத்தில் நடுவே குழிந்த பருக்கள். பார்ப்பவர்கள் காசநோய் என்றே எண்ணக்கூடும். இப்பூஞ்சை ஆய்வுக்கூடத்தில் ஒரு விந்தை காட்டும். 25 பாகை வெப்பத்தில் தட்டில் பூசணமாக வளர்ந்து, வெற்றிலைச் சாறுபோல் சிவப்பு நிறத்தைக் கூழில் கசியவிடும். 37 பாகையில், அதாவது உடல் வெப்பத்தில், அந்தச் சிவப்பும் பஞ்சும் மறைந்து, ஈஸ்டு போல உருமாறிவிடும். காட்டில் ஓர் உரு. உடலில் ஓர் உரு. இரண்டு வெப்பத்திலும் வளர்த்துப் பார்க்கும் வழக்கம் ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இத்தனை முறைகளும் எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருப்பதில்லை. சிறு ஊர்களிலிருந்து சதையும் இரத்தமும் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்கின்றன. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றி, மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்ந்து பெயர் பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகம் போன்ற நிலையங்களுக்கும் செல்கின்றன. 'ஏன் இன்னும் ரிப்போர்ட் வரவில்லை?' என்று தாதியரிடம் சினங்கொள்ளும் முன், தட்டில் ஒன்று மெல்ல முளைத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் ஆய்வுக்கூடக்காரர் அறிந்தால் போதாதா, நமக்கெதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிகுதி. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

நாம் செய்யத் தக்கவை சிலவே. இனிப்பு நீர் உள்ளவருக்குக் கன்னம் மரத்தாலோ, ஒரு பக்க மூக்கு அடைத்து நிறம் மாறிய சளி வந்தாலோ, கண் வீங்கிப் பார்வை மங்கினாலோ, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே, உண்ணும் மருந்து அனைத்தையும் பையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். பதிவெண் இல்லாத மூட்டுவலி மாத்திரைகளிலும் தூள்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. அந்த மாத்திரையை மறைப்பது மருத்துவரின் கண்ணைக் கட்டுவதாகும். நெடுநாள் உண்டதைத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும். சதை எடுக்க வேண்டும் என்று சொன்னால் அஞ்சி மறுக்கக் கூடாது. 'இதில் வளர்த்துப் பார்க்கவும் ஒரு பங்கு அனுப்புவீர்களா, டாக்டர்?' என்று பணிவோடு கேட்பதில் தவறேதுமில்லை. நோயாளி எந்த வேலை செய்தார், காட்டில் நடமாடினாரா, புறா வளர்க்கிறாரா என்பனவற்றையும் கூறலாம். ஆய்வுக்கூடத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை அச்சொற்களே காட்டிக் கொடுக்கும்.

அந்தப் பெரியவர் இன்றும் மாலை வேளையில் எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து பேரப்பிள்ளையை அழைத்துச் செல்கிறார். சென்ற ஆண்டு ரொட்டிச் சோதனை நடந்தபோது போத்தலைத் தம் கையில் வாங்கி, இருக்கும் ஒரு கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "இத்தனூண்டு பஞ்சா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் அன்று சிரிக்கவில்லை.